மூன்று இல்லாத பட்டியல்

இன்று காலை, கியா பார்ம் சந்தையில் பூக்கடை வைத்திருப்பவர் தன் இணையப் பக்கத்தைத் திருத்தச் சொன்னார். "நம்பரெல்லாம் பழைய தமிழ் எழுத்துல வந்தா நல்லாருக்கும் லா" என்றார். நிரலில் ஒரு வரியை மாற்றினேன். ௧, ௨, ௩ என்று திரையில் இறங்கின. மூன்றாவதைப் பார்த்ததும் எழுந்துபோய் லயத்து வாசலில் நின்றேன். மழை இல்லை. ஆனாலும் வானத்தைப் பார்த்தேன்.

என்னோடு சேர்ந்து இணையப் பக்கங்கள் செய்துவந்த உனக்கு அந்த எண்கள்மேல் எவ்வளவு ஆசை! அணையின் சைரன் அடித்தால் அதற்குக் கீழே ஆற்றோரம் இருக்கும் லெம்பா பெர்த்தாம் மக்கள் என்ன செய்ய வேண்டும் என்று மலாயிலும் தமிழிலும் ஒரு பக்கம் செய்தோமே, அதில் தமிழ்ப் பட்டியலுக்கு நீதான் அவற்றை வைத்தாய். "கையால டைப் பண்ணாதடி. பாணிய மட்டும் மாத்து, அதுவே எண்ணிக்கும்" என்றாய். அழகாகத்தான் இருந்தது. அங்கே தனியாகக் காய்கறி போட்டுக்கொண்டிருந்த உன் அப்பாவின் கதவில் அதை அச்சடித்து ஒட்டிவிட்டு வந்தாய்.

பிறகு அந்த மழை மதியம். மேலே எஸ்டேட் லயத்தில், என் வீட்டில் வேலையாக இருந்தோம். உன் அப்பா போனில் கூப்பிட்டார். அவர் குரலுக்குப் பின்னால் சைரன்.

"பதறாதீங்கப்பா. கதவுல ஒட்டியிருக்குல்ல, மூணாவதுல எந்தப் பாதைன்னு இருக்கு, அதப் பாத்துச் செய்ங்க."

"பக்கத்து வீட்டு மலாய்க்காரரும் தீகா, தீகா, மூணுன்னுதான் கத்துறாரு. மூணு எங்கம்மா? இதுல மூணே இல்லையே!"

உன் முகம் வெளுத்துப்போனது. "ஆத்துப் பாதை வேணாம்ப்பா! மேட்டுல ஏறுங்க!" என்று கத்தினாய். அதற்குள் போன் செத்திருந்தது.

காரை நீதான் ஓட்டினாய். வளைவுக்கு வளைவு, "எங்கப்பாவ நானே கொன்னுட்டேன்டி" என்றாய். பள்ளத்தில் விழுந்துவிடுவோமோ என்று பயந்தேன். கீழே போய் எதைப் பார்க்கப்போகிறோமோ என்று அதைவிடப் பயந்தேன். ஆற்றுப் பாதை இருந்த இடத்தில் செம்மண் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

மேட்டுப் பள்ளிக்கூடத்து வராந்தாவில் அப்பா இருந்தார். இடுப்புவரை சேறு. ஆற்றுப் பக்கம் இறங்கியவரைப் பக்கத்து வீட்டுக்காரர் சட்டையைப் பிடித்து இழுத்து வந்திருக்கிறார். "கோவிச்சுக்காதம்மா, எனக்குத்தான் அந்த நம்பரப் படிக்கத் தெரியல" என்றார் அப்பா. நீ அவர் காலைக் கட்டிக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டாய்.

மறுநாளே எண்களை 1, 2, 3 ஆக்கினாய். பெரிதாக, சிவப்பாக. "அழகு பாக்க நேரமில்லாதவங்க படிக்கிறதுடி இது" என்றாய்.

அடுத்த மழைக்காலத்தில், காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போன நீ திரும்பவில்லை.

பூக்கடைக்காரரிடம் சாதாரண எண்களே போதும் என்று சொல்லிவிட்டேன். பூ விற்பதில் என்னடி ஆபத்து என்று நீ கேட்பாய். தெரியவில்லை. என்னால் முடியவில்லை, அவ்வளவுதான்.

உன் அப்பா இப்போது எங்கள் லயத்துக் கடைசி வீட்டில் இருக்கிறார். இங்கே ஆறு இல்லை, சைரனும் கேட்காது. ஆனாலும் வானம் கறுத்தால் செருப்பைப் போட்டுக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருப்பார். நான் போய்ப் பக்கத்தில் உட்காருவேன். என் காலிலும் செருப்பு இருக்கும்.