மூன்று கிளைச் சூலமும் பச்சைக்கரைத் துண்டும்

ஜூலை 26, சனி

காற்று. ஆடிப் பேய்க்காற்று. பதிவு அலுவலகப் புளியமரத்தடியில் நான் எழுதிக்கொண்டிருந்த கிரயப் பத்திரம் பறந்து போய், பஸ் ஸ்டாண்டில் திண்டிவனம் பஸ் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்துவிட்டது. (ஏறவில்லை. சாக்கடையோரம் கிடந்தது. என் நோட்டு, என் இஷ்டம்.)

செய்ய வேண்டியவை: மூக்குக்கண்ணாடிக்குத் திருகாணி. ரேஷன் மண்ணெண்ணெய். அக்காவிடம் வாயைக் கொடுக்காமல் இருப்பது.

மூன்றாவது நடக்கவில்லை.

அக்கா வலக்கை மாவுக்கட்டோடு மூன்றாவது வாரம். குழாயடியில் வழுக்கியது. பிரிக்க இன்னும் மூன்று வாரமாம். ஆடி அமாவாசையோ ஆகஸ்டு 5. பத்து நாள்.

விவகாரம் இதுதான். மாசியில் எனக்கு மஞ்சள் காமாலை. எமன் வாசல் வரை போய், உள்ளே உட்கார்ந்து காபி குடித்துவிட்டு வந்தவன் நான். அப்போது அக்கா மேல்மலையனூர் அம்மனுக்கு வேண்டிக்கொண்டாள்: தம்பி பிழைத்தால், சூலம் போட்ட சிவப்புத் துணி, தன் கையால் மிஷினில் எம்ப்ராய்டரி செய்து சாத்துவதாக. அதுவரை ராத்திரிச் சோறு தொடுவதில்லை என்றும். நான் எழுந்து ஐந்து மாதமாக மூன்று வேளையும் வெட்டுகிறேன். அவள் ராத்திரிக்குப் பொரியும் மோரும். கழுத்தெலும்பு தெரிகிறது. துணியின் ஓரக் கொடி முழுக்க முடித்துவிட்டாள். நடுவில் சூலம்தான் பாக்கி. அதற்குள் கை போயிற்று.

“இந்த அமாவாசையும் போச்சுடா.”

“கடையில ஒண்ணு வாங்கி வச்சிட்டு வந்துடலாம்க்கா.”

“அம்மா இன்னா, கடைத் துணியா கேட்டா? வேண்டிக்கினவ கை போடணும். இல்லன்னா பொழச்சவன் கை போடணும். ரெண்டுல ஒண்ணு.”

பிழைத்த கை அடியேனுடையது. “இவ்ளோதானா? சூலம் இன்னா, நம்ம ஊரு ராஜகிரிக் கோட்டையவே ஏழு சுத்து மதிலோட தச்சுத் தர்றேன்” என்றேன். வீட்டோடு விட்டிருக்கலாம். மஜீத் பாய் தையல் கடையிலும் போய்ச் சொன்னேன். பாய் நாற்பது வருஷச் சிநேகிதர். கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

“ரைட்டரே, சட்டைப் பொத்தான் போனாலே நீ இங்கதான வர்றே?”

ஜூலை 27, ஞாயிறு

வெயில். கோட்டைப் பாறை காலை ஒன்பதுக்கே சூடு கக்குகிறது.

முதல் பாடம். அக்கா நாற்காலியில், கட்டுக்கையை மடியில் வைத்து, கலெக்டர் தோரணையில். நான் கால்மிஷின் முன், பச்சைக்கரைத் துண்டு தோளில், பேனாவோடு.

“துண்ட எடுத்துட்டு உக்காருடா.”

“துண்டு இல்லாம நான் எந்த வேலைக்கும் உக்காந்ததில்லக்கா.” துண்டு எடுத்த பத்திர எழுத்தரை யார் மதிப்பார்?

குறித்துக்கொண்டவை:

1. ஊசிக்குப் பக்கத்தில் துணியை அமுக்கும் பாதம். அதைக் கழற்றி எறி. எம்ப்ராய்டரிக்கு வேண்டாம்.
2. கீழே துணியை இழுக்கும் பல். அதன் மேல் தகடு போட்டு மூடு. இனித் துணியை மிஷின் இழுக்காது, நான்தான் நகர்த்த வேண்டும். அப்படியானால் மிஷின் எதற்கு? கேட்டேன். “அடுத்தத எழுதிக்க” என்றாள்.
3. வளையம் இரண்டு. பெரியது கீழே, அதன் மேல் துணி, சின்னதை உள்ளே அமுக்கு. கைத்தையலுக்கு இது தலைகீழ். மிஷினுக்குத் துணி தரையோடு தரையாகப் படுத்திருக்க வேண்டும்.
4. துணி பறை மாதிரி விறைப்பாக. தட்டினால் சத்தம் வர வேண்டும்.
5. அடியில் இருக்கும் பாபின் நூலை மேலே இழுத்துக்கொண்டு, இரண்டு நுனியையும் பிடித்துக்கொண்டு ஆரம்பி.

மூன்றாவதைக் கேட்ட காது வேறு, செய்த கை வேறு. வளையத்தைத் தலைகீழாக மாட்டினேன். துணி அந்தரத்தில் பந்தல் போல நின்றது. ஊசி இறங்கியதும் குதித்தது.

சாந்தா திண்டிவனத்திலிருந்து வந்திருந்தாள். அக்கா மகள். தாய்மாமன் என்ற மரியாதை மருந்துக்கும் இல்லை. பழந்துணியில் நான் போட்ட முதல் கோட்டைப் பார்த்து, “மாமா, இது சூலமா? அடிபட்ட பாம்பு கணக்கா இருக்குது.”

“நீ போட்டுக் காட்டேன்டி.”

“பொழச்சது நீதான மாமா?”

தாயும் மகளும் ஒரே வக்கீலிடம் படித்தவர்கள்.

ஜூலை 29, செவ்வாய்

மேகம். தூறல் மாதிரி பாவனை.

ஊசி மூன்று பலி. ஒன்று பறந்து போய் காலண்டரில் குத்தி நிற்கிறது. மிச்சம் இரண்டின் முனை எங்கே என்று தெரியவில்லை. வீட்டில் செருப்போடு நடக்கிறேன்.

காரணம் அக்கா சொன்னது: “காலு வேகமா போவணும், கை மெதுவா போவணும். நீ ரெண்டையும் மாத்திப் பண்றே.” ஐம்பத்து நாலு வயதில் என் காலுக்கும் கைக்கும் பாகப்பிரிவினை எழுத வேண்டியிருக்கிறது.

பெரிய அவமானம் மத்தியானம். அரை மணி நேரம் தைத்தேன். மேலே பார்த்தால் அழகு. திருப்பினால் அடியில் நூல் கூடு. குருவி இல்லை, கழுகு குடும்பத்தோடு குடியிருக்கலாம். பாபினைக் கழற்றினேன், மாட்டினேன், திட்டினேன். மிஷினைத் தூக்கிக்கொண்டு (கைவண்டியில்தான்) பாய் கடைக்கு.

பாய் ஒரே பார்வை. பின்பக்கம், பாதத்தை ஏற்றி இறக்கும் கைப்பிடியைத் தட்டி இறக்கினார். அவ்வளவுதான்.

“பாதம்தான் இல்லியே பாய். எத எறக்குறது?”

“பாதம் இல்லன்னாலும் பிடிய எறக்கணும் ரைட்டரே. எறக்கினாத்தான் மேல் நூலு இறுகி டென்ஷன் புடிக்கும். இது தெரியாமயா கோட்டை கட்ட வந்தே?”

இல்லாத பாதத்தை இறக்க வேண்டும். என் சர்வீசில் இப்படி ஒரு ஷரத்து எந்தப் பத்திரத்திலும் எழுதியதில்லை.

ஜூலை 31, வியாழன்

காற்று விழுந்துவிட்டது. புழுக்கம்.

காலையில் அக்காவுக்குக் குழாயடியில் கண் இருட்டிக்கொண்டு வந்திருக்கிறது. பக்கத்து வீட்டம்மா பிடித்து உட்கார வைத்தாள். “இன்னாக்கா, இப்படி எளச்சுப் போயிட்டே” என்று அவள் கேட்டது எனக்கு உள்ளே கேட்டது.

சாயங்காலம் என் தந்திரம். அரிசி நொய்யில் உப்புமா. தட்டில் வைத்து வாதாடினேன்: “சொத்து விவரத்தில் ‘சோறு’ என்றுதான் கண்டிருக்கிறது. மேற்படி உப்புமா அதில் அடங்காது. பாத்தியதை இல்லை, வில்லங்கம் இல்லை. சாப்பிடலாம்.”

“அரிசிதானே?”

“நொய்.”

“அரிசிதானே?”

“...ஆமா.”

தட்டு என் பக்கம் தள்ளப்பட்டது. பொரியைக் கொறித்தாள். கோபம் வந்தது. “யார் உன்ன வேண்டிக்கச் சொன்னது?” என்று கத்திவிட்டேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “நீதான் அங்க கண்ணு மூடிக் கெடந்தியே. உன்னையா கேக்க முடியும்?”

உப்புமா முழுக்க நானே.

நாளையிலிருந்து நிஜத் துணி.

ஆகஸ்டு 1, வெள்ளி

தெளிவான வானம். பதிவுக்குக் கூட்டம். இரண்டு பத்திரத்தைத் திங்களுக்குத் தள்ளிவிட்டு ஓடி வந்தேன்.

படம் மாற்றுவது: காகிதத்தில் சூலம் வரைந்து, கோடு நெடுகக் குண்டூசியால் துளை. துணி மேல் வைத்து, மண்ணெண்ணெயில் குழைத்த சலவை நீலத்தைப் பஞ்சால் தேய். துளை வழியே புள்ளி இறங்கும். “கொஞ்சமா தொட்டுத் தேய்டா” என்று மூன்று தரம் சொன்னாள். கொஞ்சம் என்பதற்கு என் அகராதியில் அர்த்தம் வேறு. சூலத்தின் அடியில் வங்காள விரிகுடா. நல்லவேளை, தையல் மூடிவிடும் இடம்.

சூலத்தின் காம்பு முடிந்தது. மஞ்சள் பட்டுநூல். முதலில் ஓரத்தில் ஒற்றையோட்டம், உள்ளே தாறுமாறாக ஒரு நிரப்பு, அதன் மேல் நெருக்கி நெருக்கிக் குறுக்குத் தையல். உள்நிரப்பு இல்லாவிட்டால் மேல் தையல் சப்பையாகப் போகும். இந்த விஷயத்தில் அக்கா சொன்னது சத்தியம். தடவிப் பார்த்தால் புழு போல மேடு.

ஆனால் சுருக்கம். காம்பின் இரண்டு பக்கமும் துணி கூம்பிக்கொண்டது.

“அடியில பழைய வேட்டித் துணி ஒண்ணு வச்சுத் தைடா. நெருக்கித் தைக்கும்போது துணி தாங்காது.”

“வச்சா நல்லாவா இருக்கும்? சாமி துணிக்கு முட்டுக்கொடுக்கணுமா?” என்றேன். வீம்பு. அவள் சொன்னதெல்லாம் சரியாகிக்கொண்டே போனால் நான் எப்படி இந்த வீட்டில் குடியிருப்பது?

ஆகஸ்டு 3, ஞாயிறு

நேற்று இடது கிளை. இன்று வலது கிளை. இரண்டும் சுருக்கம். வலது, இடதைவிட மோசம். நடுக் கிளை பாக்கி.

இடுப்பு இரண்டாக ஒடிந்து, ஒரு பாதி பக்கத்து ஊர்ச் சிங்கவரத்திலும் ஒரு பாதி இங்கேயும் கிடக்கிறது.

அக்கா பக்கத்தில் நின்று பார்த்தாள். சுருக்கத்தை இடக்கை விரலால் நீவினாள். போகவில்லை. “பரவால்ல” என்றாள். அந்தப் பரவாயில்லைக்குப் பதில் நாலு திட்டு திட்டியிருக்கலாம். ஐந்து மாதம் பொரி தின்றதற்கு இந்தச் சுருக்கமா?

அவள் போட்ட ஓரக் கொடியை விரலால் அளந்து பார்த்தேன். இலைக்கு இலை ஒரே அளவு. இத்தனை வருஷம் அந்த மிஷின் சத்தத்தை, தூக்கத்தைக் கெடுக்கும் சனியன் என்றுதான் திட்டிக்கொண்டிருந்தேன்.

நாளைக்குள் முடித்தாக வேண்டும். வேறு துணி கிடையாது.

ஆகஸ்டு 4, திங்கள்

மறுபடியும் காற்று. ஜன்னல் கதவு படார் படார்.

பத்திரக்காரர்களிடம் வயிற்றுவலி என்று சொல்லிவிட்டேன். (ஒருவர் சுக்குக் கஷாயம் கொண்டுவந்து, நிற்க வைத்துக் குடிக்க வைத்தார். தண்டனை.)

நடுக் கிளை. மூச்சை அடக்கிக்கொண்டு தைத்தேன். கால் வேகம், கை மெதுவு, பிடி இறக்கியது, நூல் நுனி பிடித்தது, எல்லாம் சரி. இன்றைக்கென்று ஊசிகூட அடக்கமாகக் குத்தியது. துணி சுருங்கவே இல்லை! கண்ணாடி மாதிரி. “அக்கா! வந்து பாரு! உன் தம்பி தேறிட்டான்!” என்று கத்திக்கொண்டே கடைசித் தையல் போட்டு, நூலை அறுத்து, வெற்றி வீரனாக எழுந்தேன்.

துணியும் என்னோடு எழுந்தது.

வளையம், துணி, சூலம் எல்லாம் என் தோளிலிருந்து தொங்கின. காற்றில் துண்டின் முனை பறந்து வளையத்துக்கடியில் போயிருக்கிறது. நடுக் கிளை முழுக்க, உச்சியிலிருந்து காம்பு வரை, என் பச்சைக்கரைத் துண்டோடு சேர்த்துத் தைத்திருக்கிறேன். ஆயிரம் தையல். பத்தாயிரம். எண்ண யாரால் முடியும்?

அக்கா வாசற்படியில் நின்று பார்த்தாள். செருப்பை மாட்டினாள்.

துண்டையும் துணியையும் அப்படியே தோளில் போட்டுக்கொண்டு கடைத்தெரு வழியாக பாய் கடைக்கு ஓட்டம். அக்கா பின்னாலேயே. பார்த்தவன் எல்லாம் நான் வேண்டுதலுக்குக் கட்டிக்கொண்டு போகிறேன் என்று வழி விட்டான்.

பாய் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நீண்ட நேரம் சிரிக்காமல் இருந்தார். அதற்காக அவருக்கு ஆயுள் கெட்டி.

“பிரிச்சா துணி கிழிஞ்சிடும் அக்கா. இவ்ளோ நெருக்கமா தச்சிருக்கான். ஒரு சமாச்சாரம் பாத்தியா? ரெண்டு கிளை சுருங்கிப் போச்சு. இது மட்டும் நிக்கிது பாரு. துண்டு அடியில தாங்கிப் புடிச்சிருக்குது.”

நான் சும்மா இருந்திருக்கலாம். “திட்டம் போட்டுத்தான் வச்சேன் பாய்” என்றேன்.

“செருப்பு பிஞ்சிடும்” என்றாள் அக்கா. நாலு நாளில் முதல் திட்டு. காதில் தேன்.

பாய் கத்தரிக்கோலை எடுத்தார். “சுத்தி வெட்டிட்டுமா அக்கா? தச்ச எடத்துத் துண்டு மட்டும் உள்ள இருக்கும். சாமிக்கு ஆவுமா, ஆவாதா? நீதான் சொல்லணும்.”

அவள் வேண்டாம் என்று சொல்லிவிட்டால் ஐப்பசியோ, கார்த்திகையோ. இன்னும் எத்தனை படி பொரி.

அக்கா துணியைத் தன் பக்கம் இழுத்தாள். நடுக் கிளையை மேலிருந்து கீழே ஒரு தரம் தடவினாள். அடிப்பக்கம் திருப்பி என் துண்டையும் தடவினாள்.

“ஆஸ்பத்திரியில இத போத்திக்கினுதானடா கெடந்தே?”

மறந்தே போயிருந்தேன். ஆமாம். அதே துண்டு. துவைத்துத் துவைத்துக் காமாலை மஞ்சள் போயிருக்கிறது.

“வெட்டு பாய்” என்றாள். “அதுவும் கூடப் போவட்டும்.”

துண்டில் இப்போது ஒரு நீள ஓட்டை. அம்மன் கணக்கில் சேர்ந்துவிட்டது.

ஆகஸ்டு 5, செவ்வாய். அமாவாசை

காலை ஸ்பெஷல் பஸ். மலையனூர் போகிற ஜனமெல்லாம் அதே பஸ்ஸில். ஒரு கால் எனது, இன்னொரு கால் யாருடையது என்று தெரியவில்லை. அக்காவுக்கு ஜன்னல் சீட்டு வாங்க, “கட்டுக்கை! கட்டுக்கை!” என்று ஊரே கேட்கக் கத்தினேன். கிடைத்தது. அக்கா என்னைப் பார்த்த பார்வையில் ஊசி நாலு.

வரிசை. வெயில். குங்குமம். மஞ்சள் தண்ணீரில் என் வேட்டி நாசம். அக்கா துணியைக் கட்டுக்கையோடு சேர்த்து நெஞ்சில் அணைத்துக்கொண்டே நின்றாள். பிடி, நான் வைத்துக்கொள்கிறேன் என்றால் தர மாட்டேன் என்கிறாள்.

பூசாரி வாங்கி உதறினார். “யாரு போட்டது?” என்றார்.

நான் வாயைத் திறந்தேன். ராஜகிரிக் கோட்டை, ஏழு சுற்று மதில் எல்லாம் நாக்கு நுனியில்.

“என் தம்பி போட்டது” என்றாள் அக்கா.

வாயை மூடிக்கொண்டேன்.

சாத்தினார். சுருங்கின கிளை இரண்டும் தூரத்திலிருந்து தெரியவில்லை. நடுக் கிளை மட்டும் நெட்டுக்குத்தாக.

திரும்பி வரச் சாயங்காலம் ஆறு. அக்கா கால் நீட்டிப் படுத்துவிட்டாள். அடுப்பு என் தலையில். சோறு, கத்தரிக்காய்க் குழம்பு. புளி கரைத்ததும் கை எரிந்தது, விரலெல்லாம் ஊசிக்குத்து.

ஏழரைக்கு இலை போட்டேன். இடக்கையால் பிசைந்து சாப்பிட மாட்டேன் என்று முரண்டு. கரண்டியைக் கொடுத்தேன். முதல் வாய் எடுத்தாள். மென்றாள். நான் உலகத் தீர்ப்புக்குக் காத்திருந்தேன்.

“உப்பு ஜாஸ்தி.”

“அஞ்சு மாசம் ராத்திரிச் சோறு தின்னாத நாக்குக்கு எல்லாமே ஜாஸ்திதான்.”

“குழம்பும் தண்ணியா இருக்குது.”

“ஊருக்குள்ள போய்ச் சொல்லு.”

இரண்டாவது தரம் சோறு கேட்டாள். போட்டேன். மூன்றாவது தரம் கேட்டபோது பானையில் எனக்கென்று இருந்ததுதான் மிச்சம். அதையும் போட்டுவிட்டு, நான் பொரி டப்பாவைத் தேடுகிறேன்.