முத்துப்பேச்சி கையிலிருந்த என் படம்

நல்லூர், திருப்பூர்
புதன்கிழமை இரவு, 2008

அன்புள்ள சசிக் கண்ணு,

மணி ஒன்றாகப் போகிறது, இந்த நேரத்தில் எழுத உட்கார்ந்ததற்கு அம்மாவைக் கோபித்துக்கொள்ளாதே, பகல் முழுக்கப் பேனாவை எடுக்க நேரமே வாய்க்கவில்லை. உடம்பளவில் நானும் அப்பாவும் நன்றாகத்தான் இருக்கிறோம், நாகபுரியில் நீயும் காய்ச்சல் சளி என்று எதுவும் இல்லாமல் இருந்தால் அதுவே எனக்குப் போதும். உன் விடுதிக்குப் போன் செய்தேன், நீங்கள் எல்லோரும் சர்வே கேம்ப்புக்குப் போயிருப்பதாகவும், அங்கே டவர் கிடைக்காது, செவ்வாய்க்கிழமைதான் திரும்புவீர்கள் என்றும் போனை எடுத்தவர் சொன்னார். அதனால்தான் ஸ்பீடு போஸ்ட். நீ வந்து பையைக் கீழே வைக்கும்போது இது உன் கையில் இருக்க வேண்டும். யார் உயிருக்கும் ஒன்றும் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் என் வீட்டு புரோக்கர் தொழிலுக்காக நீ லீவில் வந்தபோது செய்துகொடுத்த இன்டர்நெட் பக்கத்தை வைத்து ஒருவன் ஒரு குடும்பத்தை ஏமாற்றிவிட்டான், அந்தக் குடும்பம் இப்போது நம் ஹாலில் பாய் விரித்துத் தூங்குகிறது.

அந்தப் பக்கத்தால் எனக்கு எவ்வளவு பெருமை என்று உனக்கே தெரியும். படத்தை வெயில் நன்றாக விழும்போது எடு, சமையலறையைத் துடைத்துவிட்டு எடு, தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒருமுறை வருகிறது என்பதை மறைக்காமல் போடு, வீட்டைக் காட்டுகிறவர் முகம் தெரிந்தால்தான் நம்பிப் போன் செய்வார்கள் என்று நீ சொன்னதெல்லாம் அப்படியே பலித்தது. சூரத்திலிருந்து போன் வந்தது, துபாயிலிருந்து வந்தது, காதர்பேட்டைக்குப் பனியன் எடுக்க வந்த டெல்லி வியாபாரி குடோனோடு சேர்ந்த வீடு வேண்டுமென்று என் பெயரைச் சொல்லி விசாரித்துக்கொண்டு வந்தார். டீக்கடையில் உட்கார்ந்தே வீடு முடிக்கிற புரோக்கர் நஞ்சப்பன் என்னைக் கண்டால் ‘ஏனுங்க கம்ப்யூட்டரக்கா, எங்களுக்கும் ரெண்டு ஊடு டவுன்லோடு பண்ணிக் குடுங்க’ என்பான், நானும் சிரித்துக்கொண்டே போவேன். கைக்குழந்தையாக உன்னை வைத்துக்கொண்டு தபாலில் பி.காம். படித்தது இப்போதாவது உதவியதே என்றிருந்தது. உன் அப்பாதான் ஆரம்பத்திலிருந்தே ‘பொம்பள மொகத்த ஊருபூராம் ஒட்டி வெக்கோணுமாக்கும்’ என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

பிரிசில்லா டீச்சர் வீடு உனக்குத் தெரியும், நம் பின் தெருவில் மாடிப்படி வெளியே இருக்குமே, அதுதான். டீச்சர் அமராவதி நகரில் மகளோடு இருக்கப் போகும்போது நல்ல குடும்பமாகப் பார்த்து வாடகைக்கு விடச் சொல்லி என்னிடம் ஒப்படைத்தார். எதிர்வீட்டில் பனியனுக்குப் பிசிர் வெட்டுகிற மருதாளக்காவிடம் சாவி இருந்தது. இன்று காலை ஐந்தே முக்காலுக்கு அவர் போன் செய்து ‘விஜயா, பால் காய்ச்ச வந்துட்டாங்க கண்ணு, சாவியக் குடுத்தர்ட்டுமா’ என்றார். நான் யாருக்கும் அந்த வீட்டை முடிக்கவே இல்லையே, யார் பால் காய்ச்சுவது என்று செருப்புகூடப் போடாமல் ஓடினேன். வாசலில் ஒரு டெம்போ நிறையச் சாமான், புதுப் பால் பாத்திரம், சாமி படம், தட்டில் உப்பும் மஞ்சளும், தூக்கக் கலக்கத்தில் தலை நிறையப் பூவோடு இரண்டு சின்னப் பெண்கள். அந்தப் பெண்களின் அப்பா பெயர் இசக்கிமுத்து, தென்காசிப் பக்கம், இங்கே ஒரு பனியன் கம்பெனியில் துணி வெட்டுகிற கட்டிங் பிரிவில் இருக்கிறார். மனைவி முத்துப்பேச்சி என்னைக் கண்டதும் முகமெல்லாம் சிரிப்பாக ‘நீங்களே வந்துட்டியளாக்கா, ஏழு மணிக்கு நல்ல நேரம் முடியுதுல்லா, சாவியத் தாங்க’ என்றாள். எனக்கு அவள் யாரென்றே தெரியாது, ஆனால் அவளுக்கு என்னைத் தெரிந்திருக்கிறது. பிளாஸ்டிக் உறையில் பத்திரமாக வைத்திருந்த ஒரு கலர்த் தாளை நீட்டினாள், அதில் நீ எடுத்த படம், நீலச் சேலையில் நான் சிரித்துக்கொண்டு நிற்கிறேன்.

யாரோ ஒருவன் நம் பக்கத்தை பிரவுசிங் சென்டரில் பிரின்ட் எடுத்து, அடியில் இருந்த என் நம்பரை அடித்துவிட்டுத் தன் நம்பரை எழுதிக்கொண்டு, விஜயகுமாரி மேடத்திடம் வேலை பார்க்கிறேன் என்று வீடு தேடி அலைகிறவர்களைப் பிடித்திருக்கிறான். வீட்டைத் திறந்து காட்டி அட்வான்ஸை வாங்கிக்கொண்டு, குடிவருகிற அன்று எதிர்வீட்டில் சாவியை வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்லிப் போய்விட்டான், இப்போது அந்த நம்பர் அணைந்து கிடக்கிறது. வீட்டைத் திறந்து காட்ட அவனுக்குச் சாவி எப்படிக் கிடைத்தது என்று நீ கேட்பாய். நான்தான் கொடுத்தேன் கண்ணு. எதிர்வீட்டு மருதாள் அம்மாவிடம் சாவி இருக்கிறது, என் பெயரைச் சொன்னால் போதும், எந்நேரமும் பார்க்கலாம் என்று அந்தப் பக்கத்தில் எழுதச் சொன்னவள் நான். இதெல்லாம் போடணுமாம்மா என்று நீ அன்றைக்கே கேட்டாய். நல்லூரில் எந்தப் புரோக்கரும் சாவியை அக்கம்பக்கத்தில்தான் வைக்கிறார், இதில் ஒளிக்க என்ன இருக்கிறது என்று உன் வாயை அடைத்தேன். நாலு வீட்டுக்குத் தெரிவதையும் உலகத்துக்கே தெரிவதையும் ஒன்றாக நினைத்துவிட்டேன். மருதாளக்கா பாவம், ‘பேப்பர்ல நீதான சிரிச்சுக்கிட்டு இருந்தே, நானென்னத்தக் கண்டேன்’ என்று தலையில் அடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

விஷயத்தை நான் சொன்னதும் இசக்கிமுத்து ‘என்னம்மா வெளையாடுதியளா, ஒங்க படத்தக் காட்டித்தான வாங்கிட்டுப் போனான், இப்பம் தெரியாதுன்னா எப்படி’ என்று கத்த ஆரம்பித்தார், தெரு கூடிவிட்டது. நஞ்சப்பனும் வந்து நின்றான், இந்தத் தடவை அவன் கேலி பேசவில்லை. முத்துப்பேச்சி கத்தவில்லை. ‘ஒங்க மொகத்தப் பாத்துதான்க்கா நம்புனோம்’ என்று ஒரே ஒரு தடவை சொன்னாள். அவள் காதில் கம்மல் இல்லை, துளை தூர்ந்துவிடாமல் ஈர்க்குச்சி செருகியிருந்தாள். பழைய அறையைக் காலி செய்துவிட்டு வந்திருக்கிறார்கள், அங்கே வேறு ஆள் குடிவந்தாயிற்று. டீச்சரைக் கேட்காமல் டீச்சர் வீட்டைத் திறந்துவிட எனக்கு உரிமை இல்லை, ஏழு மணி ஆகப் போகிறது, காய்ச்சாத பாலைத் தூக்கிக்கொண்டு அவள் எங்கே போவாள். நம் வீட்டுக்கு வாருங்கள் என்று சொல்லிவிட்டேன். நம் அடுப்பில்தான் பால் பொங்கியது. பொங்கும்போது அவள் சத்தமில்லாமல் அழுதாள். அப்புறம் டீச்சருக்குப் போன் செய்தேன், சனிக்கிழமை வருகிறேன், அதுவரை சாவி உன் இடுப்பை விட்டு இறங்கக் கூடாது என்று மட்டும் சொன்னார். வீட்டை இவர்களுக்கே விடுவாரா, என் முகத்தில் விழிக்க மாட்டாரா, ஒன்றும் தெரியவில்லை.

போலீஸ் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்தோம். நாளைக்கு நான் மட்டும் தனியாக வர வேண்டுமாம். தாளில் இருக்கிற முகம் என்னுடையது, பெயர் என்னுடையது, அவனுக்கும் எனக்கும் சம்பந்தமில்லை என்று எதைக் காட்டிச் சொல்வேன்? அப்பாவுக்கு இந்த வாரம் நைட் ஷிப்ட், இன்று காலை வீட்டுக்கு வராமல் மில்லிலிருந்தே நேராகத் தம்பி முறைக்காரர் வீட்டு விசேஷத்துக்கு அவிநாசி போய்விட்டு அங்கிருந்தே வேலைக்குப் போய்விட்டார், போனில் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. ஆறரைக்கு வருவார், வாசலில் வேற்றாள் செருப்புகளைப் பார்ப்பார். இதையெல்லாம்விடப் பெரிய பயம் ஒன்று இருக்கிறது. அவன் மூன்று தடவை சாவி வாங்கினான், மூன்று தடவையும் வேறு வேறு ஆட்களோடு வந்தான் என்கிறார் மருதாளக்கா. பால் காய்ச்ச அடுத்த நல்ல நாள் வருகிற வாரம் வெள்ளிக்கிழமை.

சாயங்காலம் பிரவுசிங் சென்டருக்கு ஓடினேன், இரண்டு தடவை கரண்ட் போய்விட்டது, பாஸ்வேர்டு வைத்திருப்பவர்தான் மாற்ற முடியும் என்று அனுப்பிவிட்டார்கள். பார்த்த நிமிடம் எல்லாவற்றையும் அழித்துவிடு என்று உனக்கு எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுத எழுத வேறு மாதிரி தோன்றுகிறது. அழித்துவிட்டால் மிச்ச இரண்டு குடும்பமும் அந்தத் தாளை யாரிடமாவது கொடுத்து இன்டர்நெட்டில் தேடிப் பார்க்கும்போது நான் இருக்க மாட்டேன், ஓடிப்போனவள் ஆகிவிடுவேன். அதனால் அழிக்காதே. சாவி விவரத்தை மட்டும் எடுத்துவிடு. எல்லாவற்றுக்கும் மேலே, பெரிய எழுத்தில், இந்த வீடு யாருக்கும் விடப்படவில்லை, என் பெயரில் யாரும் அட்வான்ஸ் வாங்க மாட்டார்கள், கொடுத்தவர்கள் என்னை நேரில் பார்க்கவும் என்று தமிழில் போட்டு நம் வீட்டு முகவரியையும் போடு. என் படம் அப்படியே இருக்கட்டும். பயமாகத்தான் இருக்கிறது கண்ணு, இருந்தாலும் இருக்கட்டும்.

நீயும் சிநேகிதர்களோடு ஏதோ பக்கம் வைத்திருக்கிறாயே, அதில் விடுதி அறை நம்பர் இருந்தால் இன்றைக்கே எடுத்துவிடு. கேம்ப்பில் தண்ணீரைக் காய்ச்சிக் குடி, கருவிகளைத் தூக்கும்போது முதுகைப் பார்த்துக்கொள். எந்த ஊரில் இருந்தாலும் நல்ல மனிதர்கள் உன்னைச் சுற்றி இருக்க வேண்டும், என் ஆயுசும் சேர்த்து நீ நன்றாக இருக்க வேண்டும். அந்த வெள்ளிக்கிழமை விடிவதற்கு முன்பே நான் டீச்சர் வீட்டு வாசலில் போய் நிற்கப் போகிறேன். பால் பாத்திரத்தோடு சிரித்துக்கொண்டு வருகிறவர்களிடம் முதல் வார்த்தையாக என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை, உனக்குத் தோன்றினால் போனில் சொல். இல்லாவிட்டாலும் பக்கத்தை மாற்றிவிட்டேன் என்று ஒரு வார்த்தையாவது உடனே போன் செய்து சொல்.

உன் அம்மா,
விஜயகுமாரி