இருமலை வெட்டாதே

டொலீடோ, ஒஹாயோ
அக்டோபர் 19, 1999

அன்புள்ள கிளென்,

நாங்கள் இருவரும் நலம். நீ நலமா என்று சம்பிரதாயத்துக்குக் கேட்கவில்லை, தெரிந்தே ஆகவேண்டும் என்று கேட்கிறேன். நீ அப்பாவோடு சண்டை போட்டுக்கொண்டு போய்ப் பதினான்கு மாதம் ஆகிறது. அந்த இசைக்குழு போகும் ஊருக்கெல்லாம் பின்னாலேயே போய், மைக் நட்டுக் கச்சேரியைப் பதிவுசெய்து, இணையத்தில் ஊர் உலகத்துக்கெல்லாம் கொடுக்கிறாய். வீட்டுக்கு மட்டும் ஒரு தபால் அட்டை கிடையாது.

நீ விட்டுப்போன கணினியை நான் இயக்கக் கற்றுக்கொண்டேன். சிரிக்காதே. பள்ளிக்கூடச் சமையலறையில் முந்நூறு பிள்ளைகளைக் கட்டி மேய்த்தவளுக்கு இது பெரிய வித்தையா? ஒரு பாட்டு இறங்க ஒரு மணி நேரம் ஆகிறது. பாட்டு எனக்குப் பிடிக்கவில்லை, இருபது நிமிடம் ஒரே இடத்தைச் சுற்றுகிறார்கள். பாட்டு தொடங்கும் முன் மைக்கருகில் தேதியும் ஊரும் சொல்வாயே, அதற்காகத்தான் இறக்குகிறேன். அந்த ஊரை வரைபடத்தில் தேடி ஊசி குத்தி வைக்கிறேன்.

இணையமும் தொலைபேசியும் ஒரே கம்பியில்தானே, அது இறங்கி முடியும்வரை நம் தொலைபேசிக்கு யார் கூப்பிட்டாலும் கிடைக்காது. நான் உன் குரலுக்காக அதைப் பிடித்துக்கொண்டிருந்த நேரத்தில் நீயே கூப்பிட்டிருந்தால்?

ஜூலையில், தேதி சொன்னபின் ஒருமுறை இருமினாய். ஆகஸ்டில் மெதுவான பாட்டு முழுக்க இருமல். உன் அறைக்குள் கால் வைக்கமாட்டேன் என்றிருந்த உன் அப்பா வாசலில் நின்று கேட்டார். "இது தொண்டை இருமல் இல்ல மார்லீன், நெஞ்சுலேர்ந்து வருது. எங்க அண்ணனுக்கு இப்படித்தான் ஆரம்பிச்சுது" என்றார். பெரியப்பா எப்படிப் போனார் என்று உனக்குத் தெரியும். அன்று அப்பா சாப்பிடவில்லை.

இனி நான் செய்த காரியம். ரசிகர்கள் எழுதிக்கொள்ளும் பக்கத்தில் வேறொரு பெயரில் எழுதினேன்: இருமுகிற இவரை யாராவது மருத்துவரிடம் அழைத்துப் போகக் கூடாதா என்று. கூட இருப்பவர்கள் உன்னைப் பிடித்து இழுத்துப் போவார்கள் என்று நம்பினேன். கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது. "மைக்குக்குப் பக்கத்துல எவன்டா அந்தக் கிழட்டு நாய்?" என்றான் ஒருவன். "அடுத்த கச்சேரிக்கு டிக்கெட் வேணாம், ஒரு பாட்டில் மருந்து வாங்கிக் குடுங்கப்பா" என்றான் இன்னொருவன். நாற்பது பேர் சேர்ந்துகொண்டார்கள். தொடங்கி வைத்தவள் நான்.

உன் பதிவில் ஒரு குறை சொன்னால் உனக்குத் தாங்காது. செப்டம்பரிலிருந்து இருமல் இல்லை. உன் குரலும் இல்லை, எடுத்தவுடன் பாட்டு. இருமலைத் துடைத்து எடுத்துவிட்டதாக, பதிவோடு போடும் குறிப்பில் நீயே எழுதியிருக்கிறாய். இவ்வளவு சுத்தமான பதிவைக் கேட்டதே இல்லை என்று எல்லாரும் புகழ்கிறார்கள். அதைப் படித்து நான் அழுதேன். இருமல் நின்றதா, முற்றியதா என்று இனி எனக்கு எப்படித் தெரியும்?

நீ குறிப்பில் போடும் டென்வர் நண்பரின் முகவரிக்கு இதை அனுப்புகிறேன். யார் காலி நாடா அனுப்பினாலும் கச்சேரியைப் பதிந்து திருப்பி அனுப்புவீர்களே, அந்த உங்கள் வழக்கப்படி காலி ஒலிநாடாவும், திரும்பி வர உறையும் வைத்திருக்கிறேன். காசு வாங்கமாட்டீர்கள் என்று தெரியும். உன்னை வரச்சொல்லி எழுது என்று அப்பா சொல்லவில்லை. ஆனால் உறையில் தபால்தலை ஒட்டியது அவர்தான், வேண்டியதற்கு இரண்டு மடங்கு.

மாலை ஆறு முதல் எட்டு வரை கணினியைத் தொடமாட்டேன். கூப்பிட மனம் வரவில்லை என்றால் போகட்டும், நாடாவையாவது அனுப்பு. எனக்குப் பாட்டு வேண்டாம். தேதியும் ஊரும் சொல். இருமல் வந்தால் இருமு. ஒன்றையும் வெட்டாதே.

கடவுள் உன் நெஞ்சில் கை வைத்துக் காக்கட்டும்.

உன் அம்மா,
மார்லீன்