பட்டியலில் இல்லாத பெயர்

அன்புள்ள பியாட்ரிஸ்,

இந்த வீட்டில் எனக்கு அநியாயம் நடந்தது. உன் மகனும் மருமகளும் வீட்டு வேலைகளைப் பங்கு போட்டு பிரிட்ஜில் ஒட்டினார்கள். அதில் என் பெயர் இல்லை. போனில் சொன்னால் நீ சிரிப்பாய், அதனால் எழுதுகிறேன். நான் நலம். உன் முழங்கால் வலி தேவலையா?

பேத்தியைப் பார்த்துக்கொள்ளத்தான் தங்கவயலிலிருந்து என்னை ஆஸ்டின் டவுனுக்கு வரவழைத்தார்கள். வந்ததும் மருமகள் ஜோவிதா, "நீங்க ரெஸ்ட் எடுங்க டாடி, மைன்ஸ்ல உழைச்சது போதும்" என்கிறாள். நான் என்ன விருந்தாளியா?

புதன்கிழமை இருவருக்கும் ஆளுக்கொரு அறையில் ஆபீஸ் மீட்டிங். கேரலை ப்ளே ஸ்கூலிலிருந்து கூட்டிவர அவள் போவாள் என்று இவனும், இவன் போவான் என்று அவளும் இருந்துவிட்டார்கள். நாலு மணிக்கு டிரேவர் மேலே ஆபீஸ் சட்டை, கீழே அரைக்கால் டிரவுசரோடு வாசலுக்கு ஓடினான்.

"எங்கடா ஓடறே?"

"பாப்பாவ கூட்டியாரணும் டாடி, லேட்டாயிடுச்சு!"

"அவ சோபாவுல கடலை மிட்டாய் தின்னுட்டிருக்கா, பாரு. நான் மூணு மணிக்கே கூட்டியாந்துட்டேன்."

ஜோவிதா சிரித்துக்கொண்டே பட்டியலில் 'தாத்தா' என்று எழுதினாள். அதை அடித்துவிட்டு என் முழுப்பெயரை எழுத வைத்தேன்.

இதோ, இன்றும் கேரலை அழைக்க நேரமாகிவிட்டது. இனிமேல் அவளைக் கூட்டிவருவது நான். பாத்திரம் டிரேவர். சமையல் ஜோவிதா, ஆனால் சாம்பாரில் வெல்லம் போடக் கூடாது. என் குடையும் கம்பளி பனியனும் வேண்டும். யாரிடமும் கொடுத்தனுப்பாதே. சனிக்கிழமை ரயிலில் நீயே கொண்டுவர வேண்டும்.

ரெமிஜியஸ்