உறைபனிக்கு முந்திப் பிடுங்கின கேல்

இஞ்சாருங்கோ,

நான் சென்ட் லோரன்டுக்கு வேலைக்குப் போறன். சோறும் பருப்பும் அடுப்பில இருக்கு.

நாலு மணிக்கு மருமகள் ஐலா கேல் கீரை வெட்ட வாறா. குளிருக்குப் பட்டுப்போகும் எண்டு நேற்று நீங்கள் எல்லாத்தையும் வேரோட பிடுங்கிப்போட்டியள். உறைபனி விழுந்தாத்தான் அந்த இலை இனிக்கும், ஸ்கொட்லாந்தில தன்ர அம்மா அதுக்குப் பிறகுதான் சூப் வைக்கிறவ எண்டு அவ நடேக்கையே சொன்னவ. நீங்களும் தலையாட்டினனீங்கள்.

எனக்குக் கோவம்கூட வருகுதில்லை. எங்கட மகன் நிரூபன் செத்த பிறகு இந்த வீட்டுக்கு வர அந்தப் பிள்ளைக்கு இருந்த ஒரே சாட்டு அந்தக் கீரைதான்.

நல்ல இலையளைப் பொறுக்கி, தேங்காய்ப்பூ போட்டு வறை செய்து பிரிட்ஜில வைச்சிருக்கிறன். உறைப்புப் போடேல்லை. அவவுக்குக் குடுங்கோ.

பால் முடிஞ்சுது. மூலையில இருக்கிற டெப்பனர் கடையில வாங்குங்கோ, அவ பால்தேத்தண்ணிதான் குடிக்கிறவ.

வாற வருசமும் வந்து நடுவியோ எண்டு கேளுங்கோ. எனக்குக் கேக்க வாய் வராது.

இன்னொண்டு. ஆர் பிடுங்கினது எண்டு கேட்டா, மாமி எண்டு சொல்லுங்கோ. என்னோட கோவிச்சு அவவுக்குப் பழக்கம். உங்களோட இல்லை.