பேசியவர்கள்

அன்பானவளுக்கு,

ஞாயிற்றுக்கிழமைதானே பேசினோம், அதற்குள் கடிதமா என்று பதறாதே. பூனைக்கும் எனக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. விடுமுறைக்கு வந்திருந்த உன் ஆஸ்பத்திரி வார்டுத் தோழி நாளைக்குத் திரும்புகிறாள், அவள் கையில் இதைக் கொடுத்துவிடுகிறேன். போனில் சொல்ல வழியில்லை. நான் போனை எடுத்தாலே நம் மகள் சத்தமில்லாமல் வந்து முழங்கையில் ஒட்டிக்கொள்கிறாள். பூனை என்று நீ பொருத்தமாகத்தான் பெயர் வைத்தாய்.

சமையலறைக் குழாய் ஒழுகுவது நின்றுவிட்டது. பேக்கரியில் மாவு பிசையும் மிஷின் மறுபடியும் படுத்துக்கொண்டது. கையால் பிசைந்து பிசைந்து என் தோள்பட்டை இரண்டும் இரவல் வாங்கியவை மாதிரி இருக்கின்றன. முதலாளி நாளைக்கு ஆள் வரும் என்கிறார். அவருடைய நாளை உனக்குத் தெரியாததா.

விஷயத்துக்கு வருகிறேன். நீ அங்கே வேலைக்குக் கிளம்பிப்போன புதிதில் பூனை இருந்த இருப்பை நான் உனக்கு முழுதாகச் சொல்லவில்லை. வகுப்பில் மேஜை மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு எந்நேரமும் அழுதிருக்கிறாள். தொண்டை கட்டிய குரலோடு ஒரு டீச்சர் உண்டே, அவர்தான் இந்த வருஷம் அவளுக்குக் கிளாஸ் டீச்சர். என்னைக் கூப்பிட்டு, “ஒரு பொறுப்பு குடுத்துப் பார்க்கலாங்க, மனசு மாறும்” என்றார். மறுநாளே லீடர் பேட்ஜைக் குத்தி அனுப்பினார். அவரைக் கையெடுத்துக் கும்பிடலாம் போலிருந்தது எனக்கு. பிள்ளை தானே எழுந்தாள், தானே சீருடைக்கு இஸ்திரி போட்டாள், தட்டில் போட்டதை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டாள். நீயும் போனில் சிரித்து அழுது, வார்டு முழுக்கச் சொல்லிவிட்டு வந்தாய். அதிலிருந்து வாராவாரம் உன் முதல் கேள்வி, “லீடரம்மா, இந்த வாரம் எத்தனை பேரைப் புடிச்சீங்க?” அவள் எண்ணிச் சொல்வாள். நாம் மூன்று பேரும் சிரிப்போம்.

லீடருக்கு என்ன வேலை என்று நாம் கேட்கவே இல்லை. டீச்சர் வெளியே போனாலோ, ஏதாவது எழுதிக்கொண்டிருந்தாலோ பலகைக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். ‘பேசியவர்கள்’ என்று தலைப்புப் போட்டு, வாய் திறந்தவர்கள் பெயரை அதன் கீழே எழுத வேண்டும். திரும்பவும் பேசினால் பெயருக்குப் பக்கத்தில் கோடு. டீச்சர் வந்ததும் அந்தப் பெயர்களுக்கெல்லாம் வாசலில் நிற்கும் தண்டனை, விளையாட்டு கிடையாது. வீட்டிலும் அதே லீடர்தான். “அப்பா, குழாயை மூடாம பல் தேய்க்கறீங்க” என்பாள். எனக்கும் ஒரு கோடு போட்டுக்கொள் என்று நான் கேலி செய்வேன். தெருப் பிள்ளைகள் யாரும் அவளைக் கூப்பிட வருவதில்லை என்பது என் மண்டையில் ஏறவில்லை. பிள்ளை படிக்கிறாள் என்று பெருமையாக நினைத்துக்கொண்டேன்.

பக்கத்து வீட்டுத் தையல்காரம்மாவின் மகளை நினைத்துப் பார். விடியும்போது திறந்த வாய் தூங்கும்போதுதான் மூடும் என்று நீதானே அவளுக்கு ரேடியோ என்று பட்டம் கட்டினாய். சில நாளாகச் சுவருக்கு அந்தப் பக்கம் தையல் மிஷின் சத்தம் மட்டும் கேட்டது. ஊருக்குப் போயிருப்பாள் என்று நினைத்தேன். போய் எட்டிப் பார்த்தால், பள்ளிக்கூட நேரத்தில் தரையில் உட்கார்ந்து சட்டைக்குப் பட்டன் தைத்துக்கொண்டிருக்கிறாள். முகத்துக்கு அத்தனை கிட்டே வைத்துத் தைத்தாள். ஏன் என்று கேட்டதற்கு அவள் அம்மா, “படிப்பு ஏறலைன்னா தொழிலாவது வரட்டும்” என்று சொல்லிவிட்டு மிஷினை மிதிக்க ஆரம்பித்துவிட்டார்.

பூனையிடம் கேட்டேன். “அவ பேசினா, நான் எழுதினேன். ரூல்ப்பா” என்றாள். நான் துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் கழித்துச் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டு அவளே சொன்னாள்.

ரேடியோவுக்குப் பலகையில் எழுதியிருப்பது கண்ணுக்குத் தெரியாதாம். போன வருஷத்திலிருந்தே. கண்ணாடி போட்டால் கேலி செய்வார்கள் என்று பயந்து அம்மாவிடம் மறைத்திருக்கிறாள். தெரிந்தது நம் பூனைக்கு மட்டும். ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, பலகையில் இருப்பதை இவள் காதோடு காதாகப் படிக்க, அவள் எழுதிக்கொள்வாள். லீடர் ஆனதும் இவள் எழுந்து முன்னால் போய்விட்டாள். காதில் படிக்க ஆளில்லை. அந்தப் பிள்ளை முன் பெஞ்சிடமும் பின் பெஞ்சிடமும் “என்ன போட்டிருக்கு, என்ன போட்டிருக்கு” என்று கேட்டிருக்கிறாள். அதற்குத்தான் இவள் பெயர் எழுதியிருக்கிறாள். கோடு மேல் கோடு போட்டிருக்கிறாள்.

ஒருநாள் டீச்சர் உள்ளே வந்து, பலகையில் பெயர் இருப்பவர்கள் எல்லாம் எழுந்திருங்கள் என்றிருக்கிறார். மற்றவர்கள் எழுந்தார்கள். ரேடியோ எழவில்லை. தன் பெயர் அங்கே இருப்பது அவளுக்கு எப்படித் தெரியும்? திமிர் என்று டீச்சர் நினைத்துவிட்டார். “உனக்குத் தனியா சொல்லணுமா? போர்டுல என்ன இருக்கு, படி” என்று அதட்டியிருக்கிறார். அந்தப் பிள்ளை எழுந்து, கண்ணை இடுக்கி, குத்துமதிப்பாக “கணக்கு” என்று சொல்லியிருக்கிறாள். வகுப்பே கொல்லென்று சிரித்திருக்கிறது. நக்கல் செய்கிறாள் என்று வெளியே அனுப்பி, அம்மாவைக் கூட்டிக்கொண்டு வா என்று சொல்லிவிட்டார். தையல்காரம்மா போய், பிள்ளை அடங்க மாட்டாள், எழுதவும் மாட்டாள், இப்படியே போனால் இதே வகுப்பில் இன்னொரு வருஷம் என்றெல்லாம் கேட்டுக்கொண்டு வந்திருக்கிறார். அத்தனை நேரமும் நம் மகள் சாக்பீஸும் கையுமாகப் பலகையோரம் நின்றிருக்கிறாள்.

தெரிந்தும் ஏன் எழுதினாய் என்று கேட்டேன். “எழுதலைன்னா ஃபிரெண்டுக்கு மட்டும் சலுகைன்னு போய்ச் சொல்வாங்கப்பா. பேட்ஜைப் புடுங்கிடுவாங்க” என்றாள். போனால் போகட்டுமே, ஒரு தகரத் துண்டுதானே என்றேன். அதற்கு அவள் சொன்னதை எழுதத்தான் இந்தக் காகிதத்தை எடுத்தேன். மனதைத் தேற்றிக்கொண்டு படி.

“பேட்ஜ் இல்லைன்னா அம்மாகிட்ட போன்ல நான் என்னப்பா பேசறது?”

உன்னைக் குத்திக்காட்ட எழுதவில்லை. சத்தியமாக இல்லை. சிரித்த மூன்று பேரில் நானும்தான் ஒருவன். டீச்சர் நல்லது நினைத்தார். நீ நல்லது நினைத்தாய். தையல்காரம்மாவும் நல்லது நினைத்துத்தான் பட்டனைக் கையில் கொடுத்தார். இத்தனை பேர் நல்லது நினைத்தும் ஒரு பிள்ளை பள்ளிக்கூடத்துக்கு வெளியே வந்துவிட்டாளே, அதுதான் எனக்குத் தொண்டையில் முள்ளாக நிற்கிறது.

மறுநாளே தையல்காரம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மிஷினிலிருந்து காலை எடுத்தார். எதிர்ச் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைக் காட்டி மகளிடம் தேதி கேட்டார். அந்தப் பிள்ளை தலையைக் குனிந்துகொண்டாள். “எங்கிட்டகூட சொல்லலையேடி” என்றார், அடிக்கவில்லை, திட்டவில்லை. பிறகு என் பக்கம் திரும்பி, “உங்க பொண்ணுக்குத் தெரியுமா?” என்று கேட்டார். தெரியும் என்றேன். மிஷின் பக்கம் திரும்பிக்கொண்டார். இன்றுவரை என்னோடு பேசவில்லை.

டீச்சரிடம் சண்டைக்குத்தான் போனேன். ஆசிரியர் அறையில் இரண்டு நோட்டுக் குவியலுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார். முழுக்கக் கேட்டார். “அறுபது பேருங்க. உங்க பொண்ணு அழுதுட்டே இருந்தா. எனக்குத் தெரிஞ்ச மருந்து அது ஒண்ணுதாங்க” என்றார். சிவப்புப் பேனாவை மூடித் திறந்து, மூடித் திறந்து, “அவளைப் படின்னு சொல்லி நிக்க வெச்சேனே” என்றார், எனக்கென்று சொன்ன மாதிரி இல்லை. அன்று சாயங்காலமே அவர் தையல்காரம்மா வீட்டுக்கு நேரில் வந்தார். இப்போது ரேடியோ கண்ணாடி போட்டுக்கொண்டு முதல் பெஞ்சில் உட்கார்கிறாள். பலகையில் பெயர் எழுதுவதும் நின்றுவிட்டது. பேட்ஜை நீங்களே வாங்கிக்கொள்ளுங்கள் என்று டீச்சரிடம் கேட்டுப் பார்த்தேன். இப்போது பிடுங்கினால் தண்டனை மாதிரி ஆகிவிடும், அவளே கொண்டுவந்து கொடுக்கட்டும் என்கிறார். அவர் சொல்வதும் சரிதானோ என்னவோ. பூனை இன்னமும் குத்திக்கொண்டுதான் போகிறாள்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத ஆசைதான். நேற்று பூனை தானாகவே பக்கத்து வீட்டுக்குப் போனாள். நான் வாசலில் நின்று பார்த்தேன். ரேடியோ வெளியே வந்தாள். அந்தப் புதுக் கண்ணாடி வழியாக இவளை மேலும் கீழும் பார்த்தாள். உள்பக்கம் திரும்பி, “அம்மா, லீடர் வந்திருக்காங்க” என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். அறைந்திருந்தால்கூட நம் பிள்ளை தாங்கியிருப்பாள். வந்து சாப்பிட்டாள், பாடம் எழுதினாள். என்ன கேட்டாலும் “ஒண்ணுமில்லப்பா” என்கிறாள்.

எனக்கு ஒரே ஒரு உதவி செய். இந்த ஞாயிறு பேசும்போது அவளிடம் பேட்ஜைப் பற்றிக் கேட்காதே. ரேடியோவைப் பற்றியும் கேட்காதே, நான் சொல்லிவிட்டேன் என்று தெரிந்தால் எனக்கும் கதவைச் சாத்திவிடுவாள். மார்க்கும் வேண்டாம். நீ உன் கதையைச் சொல். அங்கே எல்லாம் சௌகரியம், எல்லாரும் தங்கமான மனிதர்கள் என்று எப்போதும் சொல்வாயே, அதை அல்ல. தப்பாக எதையாவது செய்து திட்டு வாங்கிய நாள் ஒன்று இருக்கும். யாரிடமும் சொல்ல முடியாமல் நீ குளியலறையில் நின்று அழுத நாள் ஒன்று இருக்கும். இல்லை என்று என்னிடம் சாதிக்காதே, உன் குரலோடு குடும்பம் நடத்தியவன் நான். அதில் ஒன்றை அவளிடம் சொல். சொல்லி முடித்ததும் அவள் என்ன பேசுவாளோ, பேசாமலே இருப்பாளோ தெரியாது. போனை மட்டும் வைத்துவிடாதே. எவ்வளவு நேரமானாலும் அந்தப் பக்கம் இரு. நான் கடைத்தெருப் பக்கம் போய்விடுகிறேன்.

நேரத்துக்குச் சாப்பிடு. இரவு வேலை முடிந்து வந்தால் ஜன்னலை மூடிக்கொண்டு தூங்கு. நீ நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்