பத்தாவது வருடத்து முகமூடி

காசான், மரிந்துக்கே தீவு
12 ஜனவரி 1994

அன்பு மருமகள் மரிவிக்குக்கு,

நலம். உன் நலம் அறிய ஆவல். இப்போது நான் எழுதப்போகும் கதையை இந்தத் தீவில் ஒருத்தரும் நம்பமாட்டார்கள். மனிலாவில் ஈ, எறும்புகூட நம்பாது. ஆனாலும் நெஞ்சில் கைவைத்துச் சத்தியம் செய்துவிட்டுத்தான் பேனாவைத் திறக்கிறேன்.

'நான், என் பண்பாடு, என் சமூகம்' என்று கல்லூரியில் கட்டுரை எழுதச் சொல்லியிருக்கிறார்களாமே! நம் ஊர்ப் புனித வாரத்தைப் பற்றி விஷயம் கேட்டிருக்கிறாய். சரியான கடைக்குத்தான் வந்திருக்கிறாய், அம்மணி.

1985. புனித வாரம் முழுக்க நேர்ச்சைக்காரர்கள் மரமுகமூடி மாட்டி, இயேசு காலத்து ரோமைச் சிப்பாய்களாக நடப்பார்களே, அப்படி நான் தெருவில் இறங்கிய முதல் வருடம். அந்த வெயிலில், காயப்போட்ட கருவாடெல்லாம் தாகம் தாங்காமல் வரிசையாக எழுந்து கடலுக்கே திரும்பிப் போயிற்று. என் வேர்வை பட்டு முகமூடியின் தாடி தளிர்விட்டது. அதில் ஒரு குருவி கூடு கட்டி, பெரிய வெள்ளிக்குள் பேரன் பேத்தி எடுத்துவிட்டது.

எதற்கு நடந்தேன் என்பது உனக்குத் தெரியும். பாஸ்தோரா அத்தையின் தொண்டையில் கட்டி வந்து மருத்துவர்கள் கையை விரித்தபோது, பத்து வருடம் நடக்கிறேன் என்று நேர்ந்துகொண்டேன். அவள் பிழைத்தாள். வருகிற ஈஸ்டரோடு பத்து முடிகிறது.

இனி வருவதையும் கருவாட்டோடு சேர்த்துக்கொள். மூன்று வருடம்தான் நான் நடந்தேன். தென்னை மரத்திலிருந்து விழுந்து முழங்கால் போனபின், ஆறு வருடமாக முகமூடிக்குள் என்னைப்போலவே நொண்டி நடப்பது என் சிநேகிதன், படகுக்காரக் குலாஸ். நான் அவன் படகுக் கொட்டகையில் ஒளிந்து கிடப்பேன். உள்ளே யார் என்று கேட்டால் நேர்ச்சை கெட்டுவிடும் என்பதால் ஊரில் யாரும் கேட்பதில்லையே, அதுதான் எனக்குக் கிடைத்த மறைவு. ஈஸ்டர் காலையில் பாதத்தை மணலில் தேய்த்துக் கன்றவைத்துக்கொண்டு வீட்டுக்குப் போவேன். அத்தை என் காலை மடியில் வைத்து எண்ணெய் தடவிக்கொண்டே அழுவாள். நான் நடக்கும் ஒவ்வொரு வருடமும் தனக்கு ஒரு வருட மூச்சு என்று நினைக்கிறாள், பாவம். அவளிடம் போய் எந்த வாயால் சொல்வேன்?

கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஒருத்தியிடமாவது சொல்லவேண்டும் போலிருந்தது. கருவாட்டை எழுது, குருவியை எழுது. இது மட்டும் நமக்குள்.

காசான் கடற்கரைச் சக்கரவர்த்தியும்
ரோமைப் படையின் ஓய்வுபெற்ற தளபதியுமான
உன் மாமா அனகிளெத்தோ


மனிலா
2 பிப்ரவரி 1994

அன்பு மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்து விடுதியே அதிரச் சிரித்தேன். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. எது பொய், எது நிஜம் என்று எனக்குத் தெரியும் மாமா. பதிமூன்று வயதில் ஒருமுறை அந்தச் சிப்பாயின் சுண்டுவிரல் இல்லாத கையைப் பார்த்தேன். குலாஸ் கை. யாரிடமும் சொல்லவில்லை.

இங்கே வந்த ஒன்றரை வருடத்தில் வகுப்பில் நான் வாயைத் திறந்தாலே சிரிப்புதான். "ஏய் தீவுக்காரி, இன்னொரு தடவை சொல்லேன், கேக்க நல்லாருக்கு!" என்பார்கள். சாப்பாட்டு மேசையில் என் பக்கத்து நாற்காலி பெரும்பாலும் காலியாகவே இருக்கும். ஊருக்கு எழுதும்போது மட்டும் எல்லாம் பிரமாதம் என்று எழுதுவேன். நானும் ஒரு முகமூடிக்காரிதான்.

அதைத்தான் கட்டுரையாக எழுதினேன். நேர்ச்சை இல்லாமலே வருடம் முழுக்க முகமூடி போடுகிற ஊர் மனிலா என்று தொடங்கி, நம் ஊருக்கு வந்தேன். கருவாட்டையும் குருவியையும் எழுதிப் பார்த்தேன் மாமா, பொம்மை மாதிரி இருந்தது. உங்கள் கால் கதையை எழுதியதும் கட்டுரைக்கு உயிர் வந்துவிட்டது. அன்பு என்றால் என்ன, சமூகம் ஒரு மனிதனை எப்படிப் பொய் சொல்லவைக்கிறது என்றெல்லாம் எனக்கே அப்போதுதான் புரிந்தது. ஆசிரியை வில்யாஃபுளோர் என்னை எழுப்பிப் படிக்கச் சொன்னார். ஒருவரும் சிரிக்கவில்லை. ஒரு பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மார்ச்சில் கல்லூரி மலரில் அச்சாகிறது. உங்கள் பெயரை எழுதவில்லை, 'என் மாமா' என்று மட்டும்தான். கோபப்படமாட்டீர்கள்தானே? அத்தைக்கு என் முத்தங்கள்.

உங்கள்
மரிவிக்


காசான்
13 பிப்ரவரி 1994

அன்பு மருமகளே,

உன் கடிதம் வந்ததும் வீட்டுக்கூரை இரண்டடி எழும்பி மறுபடி உட்கார்ந்தது. பன்றி மூன்று நாளாகச் சாப்பிடவில்லை. எனக்குப் பதிலாகவும் அதுதான் கவலைப்படுகிறது.

'என் மாமா' என்று மட்டும் எழுதினாயாம்! உலகம் முழுவதும் தேடினாலும் உனக்கு மாமா என்று இருப்பது இந்த ஒரு நொண்டிதானடி. உன் அம்மாவுக்கு என்ன பத்து அண்ணன்களா?

விளையாட்டுப் போதும். இன்னும் ஆறு வாரத்தில், இந்த ஒரு தடவை குலாஸ் நடந்துவிட்டால் பத்து வருடம் தீரும். அத்தை நிம்மதியாக மூச்சு விடுவாள். பிறகு நானே ஒருநாள் அவள் காலடியில் உட்கார்ந்து சொல்லிவிடுவேன். என் வாயால் சொன்னால் திட்டுவாள், அழுவாள், ஒருவேளை மன்னிப்பாள். வேறொருவர் வாயால் கேட்டால் மாட்டாள். முப்பத்தோரு வருடமாக அவளோடு குடித்தனம் நடத்துகிறேன், எனக்குத் தெரியும்.

ஆசிரியையிடம் போய் என் மாமா ஒரு புளுகுணி, அது நடந்ததே இல்லை என்று சொல். அதை எடுக்கச் சொல். நான் உன்னிடம் எதையும் கேட்டதில்லை. இதைக் கேட்கிறேன்.

உன் மாமா
அனகிளெத்தோ


காசான்
16 மார்ச் 1994

மரிவிக்,

நேற்று நம் வீட்டில் இயேசுவின் பாடுகளைப் பாட்டாக வாசிக்கும் தவக்கால வழிபாடு. காலையிலிருந்து பெண்கள் முறைவைத்துப் பாடினார்கள். இடைவேளையில் அத்தை எல்லோருக்கும் இஞ்சித் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். அப்போது பள்ளிக்கூடத்து லோர்தெஸ் டீச்சர் பையிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்தாள். அவள் அக்கா மகளும் உன் கல்லூரிதானாமே.

"நம்ம ஊர்ப் பொண்ணு எழுதினது அச்சாகி வந்திருக்குடீ!" என்றாள்.

அத்தைக்கு முகம் எப்படி மலர்ந்தது தெரியுமா! ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "எங்க மரிவிக்கா? படிங்க டீச்சர், நல்லா சத்தமா படிங்க. பின்னால இருக்கறவங்களுக்கும் கேக்கட்டும்" என்றாள்.

டீச்சர் சத்தமாகவே படித்தாள். நல்ல குரல் அவளுக்கு. மனிலாவைப் பற்றிய பகுதியில் எல்லோரும் உச்சுக்கொட்டினார்கள். மணல் வந்த இடத்தில் டீச்சரின் குரல் தடுமாறியது. அவளுக்குப் புரிந்துவிட்டது. புத்தகத்தை மூடப் போனாள். அத்தை விடவில்லை. "ஏன் நிறுத்திட்டீங்க? கடைசிவரைக்கும் படிங்க" என்றாள்.

நான் கதவோரம் நின்றேன். ஒரு பொய்யாவது வாயில் வரவேண்டுமே! நாற்பது வருடமாகக் கேட்காமலே வந்து கொட்டும் சரக்கு, நேற்று ஒன்றுகூட வரவில்லை.

படித்து முடித்ததும் அத்தை, "நல்லா எழுதியிருக்கா பிள்ளை" என்றாள். உட்கார்ந்து, தன் முறை வந்தபோது தன் பங்கைப் பிசகாமல் பாடினாள். அதற்குப்பின் என்னோடு பேசவில்லை.

என் கடிதம் உனக்குத் தாமதமாகக் கிடைத்திருக்கும் என்று நினைத்துக்கொள்கிறேன். கப்பல் ஓடாத நாளும் உண்டல்லவா. அப்படித்தானே?

அனகிளெத்தோ மாமா


மனிலா
26 மார்ச் 1994

அன்பு மாமாவுக்கு,

நான்கு முறை எழுதிக் கிழித்தேன். ஆமாம், கப்பல் ஓடவில்லை என்று எழுதினால் நீங்கள் நம்பிவிடுவீர்கள். அதனால்தான் எழுத முடியவில்லை.

உங்கள் கடிதம் சரியான நேரத்துக்கு வந்தது. அச்சுக்குப் போக ஐந்து நாள் இருந்தது. ஆசிரியையின் அறை வாசல்வரை போனேன். உள்ளே அவர் இன்னொருவரிடம், "அந்தத் தீவுப் பொண்ணு இருக்காளே, அவதான் இந்த வருஷ மலருக்கே உயிர்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் திரும்பி வந்துவிட்டேன். மலர் கடல் தாண்டாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இப்போது சாப்பாட்டு மேசையில் என் பக்கத்து நாற்காலி காலியாக இருப்பதில்லை. அதற்கு என்ன கொடுத்தேன் என்று அங்கே யாருக்கும் தெரியாது.

உண்மையை எழுதினால் மனிதன் வளர்வான் என்று கட்டுரையின் கடைசியில் எழுதியிருந்தேன். அது என்னுடைய உண்மை இல்லை என்பது எனக்குத் தோன்றவே இல்லை மாமா.

அத்தையிடம் நானே வந்து மன்னிப்புக் கேட்கட்டுமா? விடுமுறைக்கு வரலாமா? ஒரு வரி எழுதுங்கள். திட்டியாவது எழுதுங்கள்.

மரிவிக்


காசான்
5 ஏப்ரல் 1994

மரிவிக்குக்கு,

புனித வாரம் முடிந்தது. கேட்டாயே என்று எழுதுகிறேன்.

திங்கட்கிழமை காலை குலாஸ் வந்து முகமூடி கேட்டான். மாட்டியிருந்த ஆணியில் இல்லை. தெருவில் பார்த்தால் என் முகமூடி, என் சிவப்பு அங்கி. அங்கி தரையில் புரள, உள்ளே யாரோ என் தோளுக்கும் குறைவான உயரத்தில்! அந்தச் சிப்பாய் நடந்ததில் தீவு ஒரு பக்கம் சாய்ந்து, மேற்கே இருந்த மீனெல்லாம் கிழக்கே வந்துவிட்டது. வெயில் எட்டிப்பார்த்துவிட்டு மேகத்துக்குள் ஒளிந்துகொண்டது. மற்றச் சிப்பாய்கள் முந்நூறு பேரும் ஒதுங்கி வழிவிட்டார்கள். உள்ளே யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்கக்கூடாதே. ஏழு நாளும் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கம்பி மெழுகாய் உருகி என் கைரேகையை வாங்கிக்கொண்டது.

ஈஸ்டர் காலையில் உன் அத்தை முகமூடியைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். மூன்று வாரத்துக்குப் பிறகு வாயைத் திறந்தாள்.

"உங்க நேர்ச்சைய நானே முடிச்சுட்டேன். இனிமே என் உசுருக்காக நீங்க எதுவும் செய்ய வேணாம்."

துணிமூட்டையை எடுத்துக்கொண்டு, பொவாக்கில் இருக்கும் தன் தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள்.

விடுமுறைக்கு வா; நீ வந்து தங்கப்போவது உன் அம்மா வீட்டில், வரவேண்டாம் என்று சொல்ல நான் யார்? தெருவில் பார்த்தால் தலையசைப்பேன். கதை மட்டும் கேட்காதே. இனி உன்னிடம் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை.

தீவு சாயவில்லை. மீன் இடம் மாறவில்லை. கம்பி உருகவில்லை. இந்தக் கடிதத்தில் எல்லாம் புளுகு என்றே வைத்துக்கொள். அத்தை சொன்ன அந்த இரண்டு வரி மட்டும் நிஜம். அதில் நான் ஒரு எழுத்தைக்கூடக் கூட்டவில்லை.

அனகிளெத்தோ